25 வினாடி, 90 வினாடி: இரண்டு அப்கிரேடுகளில் என் ஃபைல் மேனேஜர்

லினக்ஸில் நாட்டிலஸ் என்ற ஃபைல் மேனேஜரைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். டெஸ்க்டாப் அது பிறந்த க்னோம் இல்லை, சாளரங்களை ஓடு பதித்ததுபோல அடுக்கும் ஸ்வே. டைலிங் விண்டோ மேனேஜர் வைத்திருப்பவன் ஏன் க்னோமின் ஃபைல் மேனேஜரை இழுத்துக்கொண்டு திரிகிறாய் என்று நண்பர்கள் கேட்பார்கள். பழக்கம், அவ்வளவுதான். நெட்வொர்க் இடங்களைத் திறப்பது, ஒரே தடவையில் நூறு படங்களுக்குப் பெயர் மாற்றுவது, இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டன. வேறொன்றுக்கு மாறச் சோம்பல்.

டெபியன் லினக்ஸின் 11-ஆம் பதிப்பில் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அழுத்தினால் திறக்கும். 2023 ஜூலையில் டெபியன் 12-க்கு மாறினேன். மறுநாள் காலை நாட்டிலஸை அழைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. விசை சரியாக விழவில்லையோ என்று மறுபடி அழுத்தினேன். அப்போதும் ஒன்றுமில்லை. டெர்மினலில் ஏதோ தட்டத் தொடங்கிய பிறகு, ஆர அமர வந்து நின்றது சாளரம்.

முதல் வாரம் நான் செய்ததெல்லாம் வெட்டி வேலை. தம்ப்நெயில் கேஷை, அதாவது சேமித்து வைத்திருந்த சிறு முன்னோட்டப் படங்களை, அழித்தேன். 700 எம்பி இடம் காலியானதுதான் மிச்சம். படக் கோப்புறையைத் திறந்தபோது எல்லாத் தம்ப்நெயிலையும் மறுபடி உருவாக்கிக்கொண்டு இன்னும் மெதுவாக ஓடியது. அடுத்து டிராக்கர் என்ற தேடல் அட்டவணைச் சேவையை நிறுத்தினேன். கோப்புக்குள் இருக்கும் வார்த்தையைத் தேடும் வசதி போனது, தாமதம் போகவில்லை. நாட்டிலஸை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். புதுப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி அதிலும் பார்த்தேன். ஆனால் என் ஸ்வே அமைப்புக் கோப்பை அங்கேயும் நகலெடுத்து வைத்துவிட்டேன்! நோயையும் கூடவே குடியேற்றிவிட்டு, புது வீட்டிலும் காய்ச்சல் அடிக்கிறதே என்று குழம்பிய கதை.

ஒரு நாள் பொறுமை போய் கைப்பேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன். 25 வினாடியும் கொஞ்சமும். மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன், அதே 25. கணினியை மறுதொடக்கம் செய்து பார்த்தாலும் 25. உண்மையிலேயே மெதுவாக ஓடும் நிரல் இப்படி ஒரே எண்ணைக் காட்டாது. வட்டு திணறினால் ஒரு தடவை 8 வரும், இன்னொரு தடவை 14 வரும், கேஷ் சூடேறிய பிறகு 3-க்கு இறங்கும். எண் இம்மி பிசகாமல் நிற்கிறது என்றால் நிரல் வேலை செய்யவில்லை, யாரோ பதில் சொல்வார்கள் என்று உட்கார்ந்திருக்கிறது. எந்த நிரல் பிராசஸரை எவ்வளவு எடுக்கிறது என்று காட்டும் டாப் கட்டளையில் பார்த்தேன். அந்த 25 வினாடியும் பிராசஸர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது.

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் 25 வினாடி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டி-பஸ்ஸை. நிரல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் பாதை அது. ஒரு நிரல் கேள்வி கேட்டு, பதில் வராவிட்டால், தனியாக எதுவும் சொல்லாதவரை 25 வினாடி காத்திருந்துவிட்டுக் கைவிடும். அப்படியானால் நாட்டிலஸ் யாரிடம் என்ன கேட்கிறது?

டெபியன் 11-இல் இருந்தது நாட்டிலஸ் 3.38, சாளரம், பொத்தான் வரையும் ஜிடிகே நூலகத்தின் 3-ஆம் பதிப்பில் எழுதப்பட்டது. டெபியன் 12-இல் வந்தது நாட்டிலஸ் 43. அந்தப் பதிப்பில்தான் அது ஜிடிகே 4-க்கும், க்னோம் தோற்றத்தைத் தரும் லிப்அத்வைத்தா நூலகத்துக்கும் மாறியது. லிப்அத்வைத்தா தொடங்கும்போதே, பயனர் இருண்ட தோற்றத்தை விரும்புகிறாரா, வெளிர் தோற்றத்தையா என்று நிரல்களுக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவே நிற்கும் டெஸ்க்டாப் போர்ட்டல் சேவையிடம் கேட்கும். அந்தப் பதில் தெரிந்த பிறகுதான் சாளரத்தை வரையும். பழைய நாட்டிலஸ் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. என் கணினியில் போர்ட்டல் உயிரோடு இல்லை என்பது எனக்கு அதுவரை தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான். அப்கிரேடு எதையும் உடைக்கவில்லை. முன்பே உடைந்து கிடந்ததை அது தட்டிப் பார்த்தது, அவ்வளவே.

கால்குலேட்டரைத் திறந்து பார்த்தேன். அதுவும் ஜிடிகே 4. சொல்லிவைத்தாற்போல 25 வினாடி. இத்தனை நாள் ஃபைல் மேனேஜரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தேன்.

ஜர்னல்சிடிஎல்லில் பயனர் சேவைகளின் லாகைப் பார்த்ததும் விடை அங்கேயே கிடந்தது. போர்ட்டலுக்குப் பின்னால் வேலை செய்யும் துணைச் சேவையான ஜிடிகே பின்முனை எழுந்திருக்கப் பார்க்கிறது, டிஸ்ப்ளேவைத் திறக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு விழுகிறது. நாட்டிலஸ் தட்டும்போதெல்லாம் இதே கூத்து. ஆனால் டெர்மினலில், எந்தத் திரையில் வரைவது என்று நிரல்களுக்குச் சொல்லும் வேலண்ட் டிஸ்ப்ளே என்ற சூழல் மாறியை அச்சிட்டுப் பார்த்தால் மதிப்பு ஒழுங்காக வருகிறது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று இதைப் பார்த்து ஒரு முழு மாலையை வீணடித்தேன்.

சிக்கல் இருந்த இடம் வேறு. என் டெர்மினல் ஸ்வேயின் பிள்ளை, ஸ்வேக்குத் தெரிந்தது அதற்கும் தெரியும். போர்ட்டலோ, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் பயனர் பிரிவு எழுப்பிவிடும் சேவை. அந்தப் பிரிவு நான் லாகின் செய்த கணத்தில், ஸ்வே தொடங்குவதற்கு முன்பே, எழுந்துவிடுகிறது. திரை என்று ஒன்று பின்னால் வரப்போவது அதற்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தான் உண்டு. சிஸ்டம்சிடிஎல்லில் பயனர் பிரிவின் சூழல் மாறிகளைக் காட்டும் கட்டளையை ஓட்டினேன். முப்பது வரிக்கு மேல் வந்தது, வேலண்ட் டிஸ்ப்ளே என்ற பெயர் மட்டும் அதில் இல்லை. டெர்மினலில் இருக்கிறது, சேவைகளிடம் இல்லை. ஃபைல் மேனேஜர் தாமதத்துக்கு யாராவது என்னிடம் வழி கேட்டால், முதலில் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

யார் சொல்லியிருக்க வேண்டும்? ஸ்வேயோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பின் கடைசியில் ஓர் இன்க்ளூட் வரி உண்டு. கணினி அளவிலான அமைப்புகள் இருக்கும் எட்சி அடைவில் ஸ்வேக்கென்று இருக்கும் துணைக் கோப்புறையிலிருந்து எல்லாத் துண்டுக் கோப்புகளையும் அது சேர்த்துக்கொள்ளும். சூழல் மாறிகளைச் சிஸ்டம்டிக்கும் டி-பஸ்ஸுக்கும் ஒப்படைக்கும் துண்டு அங்கேதான் இருக்கிறது. என் கோப்பு பல வருடம் முன்பு வேறொருவரிடமிருந்து வாங்கி, வெட்டி ஒட்டி, என் இஷ்டத்துக்கு வளர்த்தது. 'தேவையில்லாத வரிகள்' என்று சுத்தம் செய்தபோது அந்த இன்க்ளூட் வரியையும் நானே தூக்கியிருக்கிறேன். என் அமைப்புக் கோப்பின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் வரலாற்றில் அந்த மாற்றமும், பக்கத்தில் நான் எழுதிய 'குப்பை நீக்கம்' என்ற குறிப்பும் பத்திரமாக இருந்தன.

வரியைத் திரும்பப் போட்டேன். தாமதம் போய்விட்டது. ஆனால் மூன்று நாளில் ஒரு நாள் திரும்ப வந்தது, அதுவும் லாகின் செய்தவுடனே மட்டும்! இதற்குக் காரணம் இன்னும் சின்னது. ஸ்வே தொடங்கும்போது நிரல்களை ஓட்டும் எக்செக் வரிகள் வரிசையில் நின்று ஒன்று முடிந்து அடுத்தது என்று ஓடுவதில்லை, எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றாகவே கிளம்பும். என் தொடக்கப் பட்டியலில் ஜிடிகே 4 நிரல் ஒன்றும் இருந்தது. சூழல் மாறிகள் போய்ச் சேரும் முன்பே அது சில நாள் போர்ட்டலைத் தட்டிவிடும். போர்ட்டல் குருட்டுத்தனமாக எழும், விழும். டி-பஸ்ஸுக்குச் சூழலை ஒப்படைக்கும் கட்டளையையும் அந்த நிரலையும் ஒரே எக்செக் வரியில், முதலாவது முடிந்த பிறகே இரண்டாவது என்று கோத்துவிட்டேன். அதோடு அந்தத் தொல்லை ஒழிந்தது.

கோக்கும்போது தற்போதைய டெஸ்க்டாப்பின் பெயர் ஸ்வே என்று சொல்லும் மாறியையும் சேர்த்து அனுப்புங்கள். எந்தப் பின்முனை இந்த அமர்வுக்கு உரியது என்று போர்ட்டல் முடிவு செய்ய அது உதவும். இல்லாவிட்டால் தாமதம் போயிருக்கும், திரைப் பகிர்வு மட்டும் மக்கர் செய்யும்.

காரணம் புரிவதற்கு முன் நடுவில் ஒரு வாரம், போர்ட்டல் பொதிகளை மொத்தமாக நீக்கி வைத்திருந்தேன். பலர் சொல்லும் குறுக்கு வழி இது. நாட்டிலஸ் மின்னலாகத் திறந்தது உண்மை. கேட்க ஆளே இல்லை என்று தெரிந்தால் காத்திருக்காது அல்லவா. ஆனால் காணொளிக் கூட்டத்தில் திரையைப் பகிர முடியவில்லை, ஃபிளாட்பேக் என்ற தனிப் பொதி முறையில் நிறுவிய நிரல்களில் கோப்பைத் திறக்கும் பெட்டி வரவே இல்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதுதான். செய்யாதீர்கள்.

அதன்பிறகு இரண்டு வருடம் நிம்மதி. நாட்டிலஸ் 43-இல் ஒரே ஒரு மனக்குறை. பட்டியல் காட்சியில் கோப்புறைக்கு அருகே இருக்கும் அம்பை அழுத்தி அங்கேயே விரித்துப் பார்க்கும் வசதி ஜிடிகே 4 மாற்றத்தில் காணாமல் போயிருந்தது. 44-இல் திரும்ப வந்துவிட்டது, ஆனால் டெபியன் 12-இல் 43-ஓடுதான் காலம் தள்ள வேண்டும். அந்த அம்புக்காகவே அடுத்த வெளியீட்டை எதிர்பார்த்திருந்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

2025 செப்டம்பரில் டெபியன் 13-க்குப் போனேன். நாட்டிலஸ் 48. அம்பு இருந்தது. சாளரமும் உடனே வந்தது, ஆனால் உள்ளே வெறுமை. ஹோம் கோப்புறையைக் காட்டாமல் சக்கரம் மட்டும் சுற்றியது. மறுபடியும் போர்ட்டலா என்று அலுத்துக்கொண்டு ஸ்டாப்வாட்சை எடுத்தேன். 90 வினாடி.

இந்த முறை எண்ணைப் பார்த்ததும் திசை தெரிந்துவிட்டது. 90 வினாடி டி-பஸ்ஸின் எண் இல்லை. ஒரு யூனிட் (சேவை, மவுண்ட் போன்றவை) தொடங்கும் என்று சிஸ்டம்டி வழக்கமாகப் பொறுத்திருக்கும் நேரம் அது. கணினி அணையும்போது கறுப்புத் திரையில் ஒரு நிமிடம் முப்பது வினாடி என்று எண்ணிக்கொண்டிருக்குமே, அதே கணக்கு. டெர்மினலில் கோப்புப் பட்டியல் காட்டும் வழக்கமான எல்எஸ் கட்டளையைத் தட்டினேன், அதுவும் அப்படியே உறைந்தது. முன்னால் ஒரு பின்சாய்வுக் கோடு போட்டு, அந்தக் கட்டளைக்கு நான் வைத்த மாற்று வடிவமான அலியாஸைத் தவிர்த்து வெறும் எல்எஸ்ஸாக ஓட்டினால் பட்டியல் பட்டென்று வந்தது. இந்த வித்தியாசத்திலேயே பாதிக் கதை வெளியே வந்துவிட்டது. என் அலியாஸில் வண்ணம் போடச் சொல்லியிருக்கிறேன். வண்ணம் போட வேண்டுமானால் வேறொரு இடத்தைச் சுட்டும் ஒவ்வொரு சிம்லிங்கும் எதைக் காட்டுகிறது, அது உயிரோடு இருக்கிறதா என்று எல்எஸ் போய்ப் பார்த்தாக வேண்டும். வண்ணம் இல்லாவிட்டால் பெயரை மட்டும் படித்துவிட்டு வந்துவிடும். நாட்டிலஸும் முதல் ரகம், ஐகான் போட இலக்கைப் போய்ப் பார்க்கும்.

ஹோமில் 'பழைய படங்கள்' என்று ஒரு சிம்லிங்க் இருக்கிறது. அது நாஸில், அதாவது நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டியில், இருக்கும் ஒரு கோப்புறைக்குப் போகிறது. நாஸ், எந்தச் சேமிப்பிடத்தை எங்கே இணைப்பது (மவுண்ட்) என்று சொல்லும் எஃப்ஸ்டேப் கோப்பில் ஆட்டோமவுண்ட் விருப்பத்தோடு எழுதப்பட்டது, யாராவது தொட்டால்தான் மவுண்ட் ஆகும். நாட்டிலஸ் தொடுகிறது, சிஸ்டம்டி மவுண்ட் செய்ய முயல்கிறது, நாஸ் பதில் சொல்லவில்லை, 90 வினாடி கழித்துக் கைவிடுகிறது. அடுத்த முறை தொட்டால் மறுபடி முதலிலிருந்து.

நாஸ் ஏன் பதில் சொல்லவில்லை? அப்கிரேடுக்கு முன் ஒழுங்கு மரியாதையாக முழு பேக்கப் எடுத்தேன். எடுத்து முடித்ததும், அப்கிரேடில் ஏதாவது குளறுபடியானால் பேக்கப்புக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று நாஸை அணைத்து, மின்கம்பியையும் உருவி அலமாரியில் வைத்தேன். இப்படிக் கவனமாக இருந்ததன் பலன்தான் 90 வினாடி. தேதி ஒத்துப்போனதால் இந்த முறை அப்கிரேடின் மேல் வீண்பழி.

எஃப்ஸ்டேபில் அந்த வரியில் மவுண்டுக்கான காத்திருப்பு நேரத்தை 5 வினாடி என்று எழுதினேன். சிஸ்டம்டிக்கென்றே அதற்கு ஒரு விருப்பம் இருக்கிறது. மாற்றிய பிறகு சிஸ்டம்டி அதை மறுபடி படிக்க டீமன் ரீலோட் செய்ய மறக்க வேண்டாம், நான் மறந்து இன்னொரு 90 வினாடி உட்கார்ந்தேன். சிம்லிங்கை ஹோமிலிருந்து எடுத்து ஒரு துணைக் கோப்புறைக்குள் போட்டேன். ஹோமைத் திறக்கும்போது அதை யாரும் தொடுவதில்லை.

இப்போது கணினியைத் தொடங்கி முதன்முறை திறந்தால் ஒன்றரை வினாடி, அதன்பின் கண் இமைக்கும் நேரம். டிராக்கரை மறுபடி இயக்கிவிட்டேன், லோக்கல்சர்ச் என்று பெயர் மாறியிருக்கிறது. கோப்புக்குள் தேடுவது எவ்வளவு வசதி என்பதை இரண்டு வருடம் மறந்தே போயிருந்தேன். நாஸ் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, அதன் மின்கம்பியை எங்கே வைத்தேன் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.