மேய்க்கால் புறம்போக்கில் கோல்ஃப்: மல்ரானியில் ஏழு வருஷம்

என் கார் டிக்கியில் மூன்று சாமான் எப்போதும் கிடக்கும். மழைக்கோட்டு, பழைய துண்டு, சாணி சுரண்டுகிற மரச்சில்லு. கடைசியாகச் சொன்னது எந்த கோல்ஃப் கடையிலும் கிடைக்காது. பெயின்ட் கலக்குகிற குச்சியை நானே சீவி வைத்துக்கொண்டது. மட்டைப் பையை வைத்துத் தள்ளுகிற டிராலியின் சக்கரத்தில் அப்பியதைச் சுரண்டாமல் வண்டியில் ஏற்றி, ஜூலை வெயிலில் இரண்டு நாள் அப்படியே விட்டுவிட்டேன் ஒரு தடவை. மூன்றாம் நாள் என் மனைவி டிக்கியைத் திறந்தாள். அதன்பிறகு வந்ததுதான் இந்தக் குச்சி.

அயர்லாந்தின் மேற்கு ஓரம், மேயோ கவுன்டி. கிளூ விரிகுடாவின் வடகரையில் மல்ரானி என்று ஒரு சின்ன ஊர். ஐரிஷ் பெயரைப் பிரித்தால் பெரணி முளைத்த மேடு என்று வரும். ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதுவது என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை; ஒரு பலகையில் இருக்கிற எழுத்து அடுத்த பலகையில் இருக்காது. ஊருக்குக் கீழே, கடலை ஒட்டி, ஒன்பது குழி கோல்ஃப் மைதானம். 1896-ல் தொடங்கியது. நான் காஸில்பாரில் நர்ஸ் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து நியூபோர்ட் வழியாக முக்கால் மணி நேரம். 2018 கோடையில் முதல்முறை போனேன். அன்றிலிருந்து மாதத்துக்கு மூன்று நாலு தடவையாவது போய்விடுகிறேன், பனிக்காலம் நீங்கலாக.

அதற்குமுன் வேறொரு ஊரில் பெரிய கிளப் ஒன்றுக்கு நண்பரோடு போயிருந்தேன். காலர் இல்லாத சட்டை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மல்ரானியில் முதல் நாள் என்னை வாசலில் எதிர்கொண்டது ஒரு செம்மறி. சட்டையைப் பற்றி அது ஒன்றும் கேட்கவில்லை.

மைதானம் இருக்கிற நிலம் ஊர்ப் பொது மேய்ச்சல் தரை. நம் கிராமக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு என்று எழுதியிருக்குமே, கிட்டத்தட்ட அது. நம்முடையது சர்க்கார் நிலம். இந்தப் பக்கம் மேய்ச்சல் உரிமையை விவசாயிகள் பங்குபோட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆக ஆடும் மாடும் உரிமையோடு மேய்கின்றன, நாம்தான் ஊடே புகுந்து விளையாடுகிறோம். குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டின இடத்துக்கு கிரீன் என்று பெயர்; அந்தக் கிரீன்களைச் சுற்றி மட்டும் கம்பிவேலி. மற்ற இடமெல்லாம் பொது. இப்படி இது ஒன்றுதான் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்காட்லாந்தில் புரோரா என்று பேர்போன 18 குழி மைதானத்திலும் இதே கதைதான், அங்கே மின்வேலி.

அப்பாவுக்குத் திருமயம் பக்கம் ஊர். முதல் வருஷம் வீடியோ காலில் காட்டினேன்.

"ஏன்டா, மாடு மேயிற எடத்துல காசு குடுத்தா வெளையாடுற?"

"ஆமாப்பா."

"மாட்டுக்காரன் ஒண்ணும் சொல்லலையா?"

அப்புறம் கோல்ஃபை விட்டுவிட்டு ஆட்டுக்குப் போய்விட்டார். மூஞ்சி கறுப்பாக, கொம்பு சுருண்டு, முதுகில் நீலச் சாயம் அடித்த செம்மறிகள். சாயம் யாருடைய மந்தை என்பதற்கு அடையாளம். வெள்ளாடு இல்லையா என்றார். மேலே மலையில் இருக்கிறது என்றேன். பழைய ஐரிஷ் வெள்ளாடு, சடை சடையாக முடி, அருகிப்போன இனம், அதைக் காப்பதற்கென்றே இந்த ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. இப்போதும் போன் செய்தால் என் ஸ்கோரைக் கேட்கமாட்டார், ஆடு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்.

விளையாட்டுக்கு வருகிறேன். சாணிக்கு கோல்ஃப் விதியில் இடம் உண்டு என்பதே இங்கே வந்துதான் தெரிந்தது. கல், சருகு மாதிரி அதையும் அபராதம் இல்லாமல் அப்புறப்படுத்தலாம். ஆனால் கிரீனுக்கு வெளியே, அப்புறப்படுத்தும்போது பந்து நகர்ந்தால் ஒரு அடி அபராதம், அதாவது அடித்த எண்ணிக்கையில் ஒன்று கூடும். காய்ந்த வறட்டி சுலபம், நுனியைப் பிடித்துத் தூக்கினால் வந்துவிடும். ஈரச் சாணியில் பாதி புதைந்த பந்து என்றால்? எனக்கு மூன்று தடவை நடந்திருக்கிறது. விளையாட முடியாத பந்து என்று அறிவித்து, ஒரு அடியை ஏற்றுக்கொண்டு, பந்தைத் துடைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அந்தப் பழைய துண்டு அதற்குத்தான். வேலியை மீறி ஆடு கிரீனுக்குள் புகுந்தால் குளம்புத் தடம் பதியும். 2019-ல் விதிகளை மாற்றினபோது அந்தத் தடத்தைச் சரிசெய்துவிட்டு விளையாட அனுமதி கொடுத்தார்கள். அதற்குமுன் கிடையாது. இந்த மாற்றத்துக்கு ஊரில் என்னளவு சந்தோஷப்பட்டவர் யாரும் இருக்கமாட்டார்கள். வேலிக் கம்பியில் பந்து பட்டுத் தெறித்தால் அந்த அடியைக் கணக்கில் சேர்க்காமல் மறுபடி அடிப்பது எங்கள் வழக்கம்.

காற்றுதான் உண்மையான எதிராளி. அட்லான்டிக்கிலிருந்து தென்மேற்காக வருவதைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. ஏழாம் நம்பர் அயன் என்கிற இரும்பு மட்டையில் எனக்குச் சாதாரணமாக 135 கஜம் போகும். எதிர்காற்றில் 90 தாண்டாது. முதல் இரண்டு வருஷம் யூடியூப் பார்த்துப் பழகின மாதிரி உயர உயர அடித்து, பந்தைக் கடலோரச் சதுப்புக்குத் தானம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவரோடு ஒரு நாள் சேர்ந்து விளையாட நேர்ந்தது. கையில் நாலே நாலு மட்டை. கிரீனுக்கு 60 கஜம் இருக்கும்போது பட்டரை எடுத்தார், கிரீனில் பந்தை உருட்டுவதற்கென்றே இருக்கிற மட்டை அது. கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தேன். தட்டினார். பந்து மேடேறி, இறங்கி, வலப்பக்கச் சரிவில் வளைந்து, கம்பிக்கு அடியில் நுழைந்து, கிரீனில் போய் உட்கார்ந்தது. ஆடு ஒட்ட மேய்ந்த மணற்பாங்கான புல்தரை, உருட்டினால் உருளும். அதற்குப்பிறகு நான் பந்தை வானத்துக்கு அனுப்புவதைக் குறைத்துக்கொண்டேன். ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டுகிற எண், குறையக் குறைய நல்லது) 28-லிருந்து 19-க்கு வந்ததற்குப் பாதிப் புண்ணியம் அந்தப் பட்டருக்கு.

ஒன்பது குழிதானே, பாதி ஆட்டம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. முழு ஆட்டத்துக்கு 18 குழி என்பதே ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1764-ல் 22-ஐக் குறைத்து வந்த கணக்கு. 1860-ல் முதல் பிரிட்டிஷ் ஓபன் போட்டி நடந்த பிரெஸ்ட்விக்கில் இருந்ததே 12 குழிதான். எனக்கு ஒன்பது சரியாக இருக்கிறது. ஜூன் மாதம் பகல் ஷிப்ட் முடிந்து எட்டரை மணி சுமாருக்குக் கிளம்பினாலும், சூரியன் மறைய பத்து மணி தாண்டுகிறது, பதினொன்று வரை வெளிச்சம் மிச்சம் இருக்கிறது. எதிர்க்கரையில் குரோ பாட்ரிக் மலை, 764 மீட்டர், கூம்பாக நிற்கும். ஜூலை கடைசி ஞாயிறு ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுவார்கள், சிலர் வெறுங்காலோடு. பழனி பாதயாத்திரை போனவனுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. நான் அன்றைக்கு இக்கரையில் இருப்பேன்.

2020 வசந்தத்தில் மைதானமெல்லாம் மூடினார்கள். மே 18 திறந்தார்கள், ஆனால் வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் என்று கட்டுப்பாடு. எனக்கு மூன்று வாரம் வரைபடத்தைப் பார்ப்பதுதான் வேலை. ஜூன் 8 முதல் கவுன்டிக்குள் எங்கும் போகலாம் என்றார்கள். அன்று வார்டில் இரவு வேலை முடித்து, தூங்காமல் நேரே போனேன். ஒன்பது குழிக்கு 61 அடித்தேன். என் வாழ்நாளிலேயே மோசமான ஸ்கோர்களில் ஒன்று. கார்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

யாருக்கு ஒத்துவராது என்றும் சொல்லிவிட வேண்டும். கம்பளம் மாதிரி கிரீன் கேட்பவர்களுக்கு இது வேண்டாம். வெள்ளை ஷூ வேண்டவே வேண்டாம். மாட்டைக் கண்டால் பயப்படுபவர்கள், கன்றுகள் கூட இருக்கிற சமயத்தில் தள்ளி நிற்பது நல்லது. பசு வழிவிடாது, நாம்தான் காத்திருக்க வேண்டும். நான் ஒருமுறை பத்து நிமிஷம் நின்றிருக்கிறேன். பெரிய மணல்மேடுகளும் பிரமாண்டமும் வேண்டுமென்றால் இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டி பெல்முல்லெட் பக்கம் கார்ன் மைதானத்துக்குப் போகலாம், எடி ஹாக்கெட் வடிவமைத்தது. நானும் வருஷத்துக்கு ஒருமுறை போவேன். திரும்பி வரும்போது மனசு மல்ரானியைத்தான் தேடும்.

புதிதாக வருபவர்களுக்குப் பந்து விஷயத்தில் ஒரு வார்த்தை. வெள்ளைப் பந்து வாங்காதீர்கள். வேலியிலும் புல்லிலும் செம்மறியின் உரோமம் கொத்துக்கொத்தாகக் கிடக்கும், முப்பது கஜ தூரத்தில் அத்தனையும் பந்து மாதிரியே தெரியும். தேட இப்போது மூன்று நிமிஷம்தான் அவகாசம், அதில் இரண்டு நிமிஷம் உரோமத்தைப் பார்த்து ஏமாறுவதில் போய்விடும். நான் மஞ்சளுக்கு மாறினேன். ஜூன் பிறந்ததும் தரை முழுக்க மஞ்சள் பூ பூத்தது. இப்போது ஆரஞ்சு. டஜன் வாங்கினதில் ஐந்து மிச்சம் இருக்கிறது.