கூடுதல் ஆண்டு: அதே அணியா, வேறு கல்லூரியா?

கொரோனாவால் 2020-21 சீசனை, ஒரு மாணவர் எத்தனை சீசன் ஆடலாம் என்ற ஆட்டத்தகுதிக் கணக்கில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ சேர்க்கவில்லை. அதனால் ஆட்டக்காரர்களுக்கு ஓராண்டு கூடுதலாகக் கிடைத்தது. 2021 ஏப்ரலில், ஓராண்டு ஆடாமல் உட்காராமலே ஒருமுறை கல்லூரி மாறலாம் என்ற விதியும் வந்தது. அந்தக் கூடுதல் ஆண்டை அதே அணியில் ஆடுவதா, வேறு கல்லூரிக்கு மாறுவதா? அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தில் அப்போது பலருக்கு அங்கேதான் குழப்பம். அன்றைய விதிகளின்படி ஒப்பீடு இது.

உதவித்தொகை:
தங்கினால்: நான்காண்டு முடித்துத் திரும்பும் மூத்தவர் 2021-22இல், ஓர் அணியில் 13 பேருக்கே உதவித்தொகை என்ற வரம்புக்குள் வரவில்லை. ஆனாலும் பணம் தருவது கல்லூரியின் விருப்பமாக இருந்தது.
மாறினால்: புதிய அணியின் 13 இடங்களில் ஒன்று காலியாக இருக்க வேண்டியிருந்தது.

படிப்பு:
தங்கினால்: பழைய பாடங்களை ஏற்பதில் சிக்கலில்லை.
மாறினால்: பட்டம் வாங்கிவிட்டால் முதுகலையில் சேரலாம், எளிது. வாங்காதவருக்குத்தான் தலைவலி. நான்காம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பில் 60 சதவீதம் முடிந்திருக்க வேண்டும். பழைய பாடங்களைப் புதிய கல்லூரி ஏற்காவிட்டால் தகுதியே போய்விடும். கல்லூரி மாற விரும்புவோர் பதியும் என்சிஏஏ போர்ட்டலில் பெயர் கொடுக்கும் முன் இதைப் புதிய கல்லூரியிடம் கேட்டு எழுத்தில் வாங்குவது நல்லது.

ஆபத்து: போர்ட்டலில் பெயர் கொடுத்தால் அந்தக் கல்விப் பருவம் முடிந்ததும் பழைய கல்லூரி உதவியை நிறுத்தலாம். திரும்ப ஏற்கும் கட்டாயமும் அதற்கில்லை.

பட்டம் பாதியில் நிற்பவர், ஆட்ட நேரம் உறுதியாக உள்ளவர் தங்குவது நல்லதாக இருந்தது. பட்டம் முடித்தும் பெஞ்சிலேயே இருந்தவருக்கு மாறுவதே சரியாக இருந்தது.