மலையகக் கள அறிக்கைகளை எங்கே ஏற்றுவது? நூலகம், ஸெனோடோ, இன்டர்நெட் ஆர்க்கைவ்

மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் வருடங்களில் பழைய மஸ்கெலியா வெளியே வரும். அணைக்காக நீருக்குள் போன ஊர் அது. ஹட்டன் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் போய்க் கோயில் இடிபாட்டைப் படம் எடுத்து அன்றிரவே முகநூலில் போடுவார்கள். மூன்று வருடம் கழித்து அதே படத்தைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. கிடைத்தாலும் பயன் குறைவு. முகநூல் படத்தைச் சுருக்கிவிடும். எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது என்று கேமரா பதிந்து வைத்த குறிப்பையும் கழற்றிவிடும். எனவே முகநூல் இந்தப் போட்டியிலேயே இல்லை. கூகுள் டிரைவும் அப்படித்தான்: கணக்கு வைத்திருப்பவர் கடவுச்சொல்லை மறந்தால் அறிக்கையும் போச்சு.

சிலர் கேட்பார்கள், தொல்பொருளியல் திணைக்களம் இருக்கிறதே, இதெல்லாம் அவர்களுடைய வேலைதானே என்று. பாதிதான் சரி. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதியைக் கோடாகப் போட்டிருக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்கு முந்தியது என்றால் சட்டத்தின் கண்ணில் தானாகவே தொல்பொருள். பிந்திய கட்டடம் என்றால் தனியாக வர்த்தமானியில் அறிவித்துத்தான் பாதுகாக்க வேண்டும். கோப்பித் தோட்டங்களோ 1820களில்தான் தொடங்குகின்றன. லயம் (தொழிலாளர் வாழும் வரிசை வீடு), பழைய கோப்பி ஸ்டோர், பெரட்டுக்களம் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்), கங்காணி கட்டிய மாரியம்மன் கோயில், புதைகுழிக் கற்கள் எல்லாமே கோட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்துவிடுகின்றன.

பழைய தமிழுக்கு அந்தக் கதி இல்லை. கேகாலைப் பக்கம் கிடைத்த கொட்டகமக் கல்வெட்டு, யாழ்ப்பாணத்து மன்னன் ஆரியச் சக்கரவர்த்தியைப் பாடும் தமிழ்ச் செய்யுள், தொல்பொருளியல் ஆணையாளராக இருந்த எச்.சி.பி. பெல் 1892இல் அச்சிட்ட கேகாலை மாவட்ட அறிக்கை வழியாக வெளியே தெரிந்தது. கண்டிக்கு அருகிலுள்ள லங்காதிலக விகாரைப் பாறையில் சிங்களத்தோடு சேர்ந்து நிற்கும் 14ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டையும் ஆய்வாளர்கள் படித்துப் பதிப்பித்துவிட்டார்கள். 600 வருடத்துக்கு முந்தியவனின் தமிழ் பதிவாகியிருக்கிறது, பாட்டனின் லயம் பதிவாகவில்லை. திணைக்களம் வைத்திருக்கும் அறிக்கை ஏதாவது தேவையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். நாமே தோட்டம் தோட்டமாக எடுத்த பதிவுகளை எங்கே வைப்பது என்பதற்கு அதில் விடை கிடையாது.

மிஞ்சுவது மூன்று இணையத் தளங்கள்: ஈழத்து ஆவணங்களைச் சேர்க்கும் ‘நூலகம்’, ஆய்வுத் தரவுகளுக்கான ஸெனோடோ, எல்லா வகைக் கோப்பும் ஏற்றக்கூடிய இன்டர்நெட் ஆர்க்கைவ்.

இன்டர்நெட் ஆர்க்கைவை முதலில் சொல்லி முடித்துவிடலாம். 1996இலிருந்து இயங்குகிறது, இலவசம், யாரிடமும் அனுமதி கேட்காமல் ஏற்றலாம். இலங்கைக் கல்வெட்டுகளைப் பதிப்பித்த எபிகிராபியா செய்லானிகா போன்ற பழைய தொகுதிகளை நாம் வாசிப்பதே அங்கேதான். பதிப்புரிமை முடிந்த பழைய அச்சு நூலை வருடி வைத்திருக்கிறீர்களா, யோசிக்காமல் அங்கே போடுங்கள். ஆனால் புதுக் கள அறிக்கைக்கு நான் அதை முதலிடமாகச் சொல்ல மாட்டேன். தலைப்பு, குறிச்சொல் எதையும் யாரும் சரிபார்ப்பதில்லை. 2024 ஒக்டோபரில் இணையத் தாக்குதல் நடந்தபோது தளமே நாட்கணக்கில் முடங்கியது. இரண்டாம் பிரதி வைக்க நல்ல இடம், அவ்வளவுதான்.

உண்மையான போட்டி நூலகத்துக்கும் ஸெனோடோவுக்கும் இடையில்தான்.

நூலகம் 2005இலிருந்து ஈழத்து எழுத்தாவணங்களைத் திரட்டி வருகிறது. படங்களுக்கும் ஒலி, ஒளிப் பதிவுகளுக்கும் அதன் ஆவணகம் தளம் உண்டு. அதன் பலம் பட்டியலாக்கம். ஒவ்வொரு ஆவணத்துக்கும் நூலக எண், தமிழிலேயே தலைப்பு, ஆசிரியர், வகை. டிக்கோயாவில் உள்ள ஓ/எல் மாணவி தன் தோட்டத்தின் பெயரைத் தமிழில் தட்டித் தேடினால் அகப்படக்கூடிய இடம் இது. உரிமையாளரின் அனுமதி கேட்டு வாங்கித்தான் போடுவார்கள். சிலருக்கு அது தாமதமாகத் தெரியும். எனக்கு அது ஒழுங்காகத் தெரிகிறது. குறை எங்கே என்றால், அது வாசிப்பதற்கென்று அமைந்த இடம். அளவைத் தாள்கள், முந்நூறு மூலப் படங்கள், கல்லறை வாரியான அட்டவணை என்று ஒரு கள வேலையின் முழு மூட்டையையும் அவிழ்த்து வைக்க அந்தச் சட்டகம் அவ்வளவாக இடம் கொடுக்காது.

அந்த மூட்டைக்கு ஸெனோடோ. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013இலிருந்து நடத்துவது. ஒரு பதிவுக்கு 50 ஜிகாபைட் வரை, 100 கோப்புகள் வரை இலவசம். படங்கள் அதைத் தாண்டினால் ஒரே ஸிப் (zip) கோப்பாகக் கட்டிப் போட வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் டிஓஐ (DOI) என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும். பேராதனையிலோ லண்டனிலோ இருப்பவர் கட்டுரையில் மேற்கோள் காட்ட அது போதும். திருத்தினால் பழையது அழியாது, புதிய பதிப்பாகச் சேரும். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று: தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரக்குறிப்பைத் திறந்து வைத்துக் கோப்பை மட்டும் பூட்டலாம், கேட்பவருக்குத் திறந்து காட்டலாம்.

பூட்டு எதற்கு என்று கேட்காதீர்கள். புதையல் தோண்டும் கூட்டம் நம் நாட்டில் எவ்வளவு என்று செய்தித்தாள் வாசிப்பவர்களுக்குத் தெரியும். பழைய நடுகல்லையோ குகையையோ ஜிபிஎஸ் எண்ணோடு பொதுவெளியில் போடுவது அவர்களுக்கு வழி சொல்வதுதான். இடக்குறிப்பு பூட்டிய கோப்பில் இருக்கட்டும், பொது அறிக்கையில் தோட்டத்தின் பெயரும் டிவிசனும் (தோட்டத்தின் உட்பிரிவு) போதும். செக்ரோல் (தோட்டத்து வேலை, சம்பளப் பதிவேடு) பக்கங்கள், துண்டுச் சீட்டுகள் (தொழிலாளியின் கடனை எழுதிய சீட்டு) விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். அதில் இருக்கும் கடன் யாரோ ஒருவருடைய தாத்தாவின் கடன். பேரப்பிள்ளைகள் அதே லயத்தில் இருக்கிறார்கள்.

ஸெனோடோவின் குறை, நம் ஆட்கள் யாரும் அங்கே போய்த் தேட மாட்டார்கள். முகப்பு முழுக்க ஆங்கிலம். தமிழில் விவரம் எழுதலாம், எழுதவும் வேண்டும், ஆனாலும் அது அறிவியல் தரவுகளின் கடலில் ஒரு துளியாகக் கிடக்கும்.

இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தொல்லியல் தரவுச் சேவையைப் பற்றியும் கேட்கிறார்கள். அகழாய்வு அறிக்கைகளை எப்படி ஒழுங்குபடுத்த வேண்டும் என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல மாதிரி இல்லை. ஆனால் அது பிரிட்டன் ஆய்வுகளை மையமாகக் கொண்டது, ஒப்படைக்கக் கட்டணமும் உண்டு. பார்த்துப் பழகுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் தெரிவு இப்படி: வாசிக்கும் அறிக்கை நூலகத்துக்கு, மூலத் தரவு ஸெனோடோவுக்கு, ஒன்றில் மற்றதன் இணைப்பு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நூலகம். டிஓஐ இல்லாவிட்டால் ஆய்வாளர் கொஞ்சம் சிரமப்படுவார், அவ்வளவுதான். தமிழில் அகப்படாவிட்டால் தோட்டத்து ஆட்களுக்கு அந்த அறிக்கை இருப்பதே தெரியாது.

எங்கே ஏற்றுவதானாலும் முதலில் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கிறதா என்று பாருங்கள். பாடசாலைகளிலும் சங்கங்களிலும் தட்டச்சான அறிக்கைகளில் பெரும்பங்கு இன்னும் பாமினியில்தான் கிடக்கின்றன. பீடிஎஃப் திரையில் அழகாகத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கோவை. யூனிகோடுக்கு மாற்றி, ‘ஸ்ரீ’, ‘ழு’ போன்றவை உடைந்திருக்கிறதா என்று கண்ணால் ஒருமுறை பார்த்து, தோட்டத்தின் அரசாங்கப் பெயரையும் ஆட்கள் சொல்லும் பெயரையும் விவரக்குறிப்பில் இரண்டாகவும் எழுதிய பிறகு ஏற்றுங்கள்.