பாக்கெட் கேமராவும் ஃபுல் ஃபிரேமும்: சேலத்தில் இரண்டையும் வைத்துப் பழகிய அனுபவம்

பாக்கெட் கேமரா, பழைய ஃபிலிம் அளவுக்குப் பெரிய சென்சார் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமரா, இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சென்சார் அளவில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். சில வருடங்களாகப் பாக்கெட் கேமராவான ரிக்கோ ஜிஆர் 3, ஃபுல் ஃபிரேமான சோனி ஏ7 மார்க் 3 இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். என்னைக் கேட்டால் முதல் கேள்வி வேறு: ஃபுல் ஃபிரேம் பாடியில் எந்த லென்ஸை மாட்டப் போகிறீர்கள்? அதைப் பொறுத்து, வெளிச்சக் கணக்கில் பெரிய கேமரா சின்னதைவிட இரண்டரை ஸ்டாப் முன்னே போகலாம் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). இல்லையென்றால் ஐந்து மடங்கு எடையைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கலாம்.

கணக்கு சுலபமானதுதான். ஜிஆர் 3-இல் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற சின்ன அளவு சென்சார், சுமார் 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர். ஃபுல் ஃபிரேம் 36-க்கு 24. பரப்பளவு இரண்டே கால் மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஸ்டாப் கணக்கில் ஒன்றைவிடச் சற்று அதிகம். ஆனால் ஜிஆரின் லென்ஸ் எஃப் 2.8 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் விடும்). ஏ7-க்குப் பலரும் விரும்பி வாங்கும் 24-105 ஜூம் எஃப் 4. அங்கேயே ஒரு ஸ்டாப் போய்விடுகிறது. ஒரே ஷட்டர் வேகத்தில் எடுத்தால் ஜிஆரில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பெருக்கும் அளவு, கூடக்கூடப் படம் கரகரப்பாகும்) 3200 வேண்டிய இடத்தில் சோனியில் 6400 வைக்க வேண்டும். சென்சார் கொடுத்ததை லென்ஸ் எடுத்துக்கொள்கிறது. இரண்டுமே 24 மெகாபிக்சல் என்பதால் பிரிண்ட் அளவிலும் வித்தியாசம் இல்லை. 12-க்கு 18 அங்குலத்தில் போட்டு ஜன்னலோரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது எதில் எடுத்தது என்று படத்தின் பின்னால் எழுதி வைத்திருந்ததால்தான் எனக்கே தெரிந்தது.

எடையைப் பாருங்கள். பேட்டரி, கார்டு சேர்த்து ஜிஆர் 257 கிராம். ஏ7 பாடி 650, அந்த ஜூம் 663, மொத்தம் 1.3 கிலோ. அதே பாடியில் 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் கதையே மாறிவிடும். அந்த லென்ஸ் 371 கிராம்தான். எஃப் 2.8-க்கும் 1.8-க்கும் நடுவில் உள்ள ஒன்றேகால் ஸ்டாப்பையும் சென்சார் தரும் ஒன்றேகாலையும் கூட்டுங்கள். ஜிஆரில் ஐஎஸ்ஓ 6400-இல் திணறும் படம், சுத்தத்தில் 1200-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஃபுல் ஃபிரேமின் பலம் அங்கே இருக்கிறது. வெளிச்சத்துக்காக அதை வாங்குகிறவர் எஃப் 4 ஜூமோடு நிறுத்திக்கொண்டால், கொடுத்த காசுக்கு உரியது கைக்கு வரவில்லை என்றே சொல்வேன்.

இனி, எந்த இடத்தில் எது என்பது.

என் மாமாவுக்கு செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. ஒரே அறை, ஒரே டியூப்லைட், தரையில் வரிசையாக உட்கார்ந்து வேலை. இரண்டு எட்டு பின்னால் போனால் முதுகு சுவரில் முட்டும். ஜிஆரின் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் கணக்கில் 28 மில்லிமீட்டர், அதாவது அகலமாகப் பார்க்கும் லென்ஸ். இந்த அறைக்கென்றே செய்ததுபோல இருக்கும். கையும் கொலுசும் பத்தவைக்கும் தீயும் ஒரே சட்டகத்தில் வரும். லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டர் என்பதால் சத்தம் கேட்பதே இல்லை. "ஏன்ப்பா, எடுத்தியா, இல்ல சும்மா நிக்கறியா?" என்று மூத்த ஆசாரி ஒருவர் கேட்டார். அந்த அளவுக்கு அது வேலைக்கு இடைஞ்சல் செய்வதில்லை.

அங்கே நான் ஃபோகஸ் செய்வதுகூட இல்லை. ஸ்னாப் ஃபோகஸ் என்று ஒரு வசதி உண்டு. தூரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டால், பட்டனை ஒரேயடியாக அழுத்தும்போது லென்ஸ் தேடாமல் அந்தத் தூரத்தில் எடுத்துவிடும். வெயிலில் எஃப் 8, 2 மீட்டர் என்று வைத்தால் ஒரு மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை தெளிவாக இருக்கும். சின்னக்கடை வீதியில் நடக்கும்போது இப்படித்தான். பட்டறைக்குள் எஃப் 2.8 என்பதால் அந்தத் தாராளம் கிடைக்காது. ஒன்று அல்லது ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டு நான்தான் முன்னே பின்னே நகர வேண்டும். கொஞ்ச நாளில் கால் பழகிவிடுகிறது. அரைவெளிச்சத்தில் ஜிஆரின் ஆட்டோஃபோகஸ் தயங்கும் என்பது உண்மை. இந்தப் பழக்கம் வந்த பிறகு அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

ஏற்காட்டில் சித்தப்பா ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறார். அதனால் அடிக்கடி மலையேறுவேன், பெரும்பாலும் பைக்கில். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழெட்டு வளைவு தாண்டி நிறுத்திக் கீழே சேலத்தைப் பார்க்கும்போது, முதுகுப் பையைக் கழற்றி, ஜிப்பைத் திறந்து, லென்ஸ் மூடியை எடுப்பது என்பது ஒரு வேலை. சட்டைப் பையிலிருந்து ஜிஆரை எடுத்தால் ஒரு விநாடிக்குள் தயாராகிவிடும். மூட்டம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஒரு லாரி கடந்து போகும் நேரத்தில் பள்ளத்தாக்கு மூடிக்கொள்ளும்.

தோட்டத்தில் கார்த்திகை முதல் தை வரை பழம் பறிப்பார்கள். சில்வர் ஓக் நிழலும் மிளகுக் கொடியும் சேர்ந்து, மதியத்திலேயே வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும். முதலில் அங்கே சோனியைக் கொண்டு போனபோது, பறித்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் சொன்னார்: "கண்ணு, இவ்ளோ பெரிய கேமரா கொண்டாரதா இருந்தா முன்னாடியே சொல்லு, வேற சேலை கட்டிக்கிட்டு வரேன்." அவர் சொன்னது நியாயம். அடுத்த முறை 85 லென்ஸோடு போனேன். அவர் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, செடிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். அந்தப் படம் இப்போது அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதை ஜிஆரில் எடுத்திருக்க முடியாது. 28 மில்லிமீட்டரில் முகத்தருகே போனால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கிவிடும். ஜிஆரில் 50 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டி எடுக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அதில் மிஞ்சுவது 7 மெகாபிக்சல்தான். ஒருவருக்குத் தன் முகம் நன்றாக வர வேண்டும் என்று ஆசை இருக்கும்போது, பெரிய கேமராவையும் நீள லென்ஸையும் எடுத்துப் போவதுதான் அவருக்குக் கொடுக்கும் மரியாதை. வேலையை வேலையாகவே எடுக்க வேண்டும் என்றால் சின்னது.

பங்குனி, சித்திரையில் பூமழை (செடியைப் பூக்க வைக்கும் கோடை மழை) பெய்து சில நாளில் காப்பிச் செடி வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகை போல மணக்கும். ஜிஆரின் நெருங்கி எடுக்கும் மேக்ரோ வசதியில் 6 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம், அந்தப் பூவுக்கு அது தாராளம். 24-105 லென்ஸில் ஒரு முழங்கைத் தூரத்துக்குள் போக முடியாது.

பெரிய கேமராவை நான் கைவிடாததற்கு முக்கியமான காரணம் ஆடி மாதம். சேலத்தின் குகை பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்தவர்களுக்குத் தெரியும்: ராத்திரி, நெரிசல், அலங்கார வண்டிகளில் சாமி வேடம் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள், சுற்றிலும் கண்ணைப் பறிக்கும் சீரியல் விளக்குகள். வண்டி நம் பக்கத்தில் வராது, வந்தாலும் நிற்காது. ஜிஆரில் எடுத்தால் கூட்டத்தின் தலைகளும், தூரத்தில் சின்னதாக ஒரு தேவியும் கிடைப்பார்கள். அதுவும் ஒரு படம்தான். ஆனால் வேடத்தில் இருக்கும் அந்தப் பையனின் கண்ணில் உள்ள களைப்பு வேண்டுமென்றால் 85-உம் எஃப் 1.8-உம் ஏ7-இன் கண் தேடும் ஃபோகஸும் வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். ஏ7 மார்க் 3-இல் சத்தமில்லாமல் எடுக்கும் எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாக மெதுவாகப் படிப்பதால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, வேகத்தை 1/100-இல் வையுங்கள். முழு மினுக்கமும் ஒரு படத்துக்குள் அடங்கிவிடும். கல்யாண மண்டபத்துக்கும் இதே வழிதான்.

பேட்டரி விஷயத்தில் போட்டியே இல்லை. ஜிஆர் ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம் என்றுதான் கணக்கு, சோனி எழுநூறு வரை தாங்கும். இரண்டையும் யுஎஸ்பி-சியில் சார்ஜ் செய்யலாம் என்பதால் பவர் பேங்க் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். ஜிஆருக்கு ஈரம், தூசித் தடுப்பு கிடையாது. சேலத்துத் தெருப் புழுதியில் லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும் கேமராவை வெறும் பேன்ட் பாக்கெட்டில் போடாதீர்கள். நூல், தூசி எல்லாம் அங்கேதான் இருக்கிறது. நான் சின்னத் துணிப் பை ஒன்று தைத்து அதற்குள் போட்டுத்தான் சட்டைப் பையில் வைக்கிறேன். இதுவரை படத்தில் ஒரு புள்ளி விழவில்லை. மூட்டம் கனத்தால் சோனியையும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துவிடுவேன்.

சித்தப்பா மகன் இப்போது இதே கேள்வியோடு வந்திருக்கிறான். தோட்டத்தையும் ஊரையும் எடுக்க ஆசை, கையில் இருப்பது ஒரு கேமராவுக்கான பணம். அவனுக்கு ஜிஆரைத்தான் சொன்னேன். சொந்தக்காரர் விசேஷங்களுக்குப் படம் எடுத்துக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருந்தால் பழைய ஏ7 பாடியும் 85-உம் வாங்கச் சொல்லியிருப்பேன். எஃப் 4 ஜூமை இரண்டாவது லென்ஸாகப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். குடும்பத்தோடு பகலில் ஊர் சுற்றும்போது அது அருமையான லென்ஸ்தான்.

அவன் பழைய ஜிஆர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். வாங்கும் முன் எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். சென்சாரில் தூசி இருந்தால் சாம்பல் புள்ளியாகத் தெரியும். லென்ஸைக் கழற்ற முடியாத கேமரா என்பதால் வீட்டில் சென்சாரைத் துடைத்துச் சுத்தம் செய்ய வழியில்லை. புள்ளி தெரிந்தால் சர்வீஸ் செலவை விலையில் கழித்துக் கேட்க வேண்டும், ஒத்து வராவிட்டால் வேறொன்றைப் பார்க்க வேண்டும்.