தண்டர்பேர்ட் 500-க்கு எந்தக் கேம்ஷாஃப்ட்? நெடுநாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம்ஷாஃப்ட்டை விற்பவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது லிஃப்ட்டையும் (வால்வு எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதையும்) உச்சக் குதிரைத்திறனையும்தான். தொலைதூரப் பயணத்துக்காக வண்டி வைத்திருப்பவருக்கு அவ்விரண்டையும்விடப் பயன்படும் தகவல், காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு, கிராங்க் சுழற்சியின் எந்தப் பாகையில் மூடுகிறது என்பது. ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்ட் 500-இல் மிதமான கேம் ஜோடி ஒன்றை (இன்லெட்டுக்கு ஒன்று, எக்ஸாஸ்டுக்கு ஒன்று) பொருத்திப் பல பருவங்கள் ஓட்டிய பிறகும், அதை வைத்தே தேர்வு செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இந்த எஞ்சினின் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 499 சிசி, 84 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), கம்ப்ரஷன் (கலவை அமுக்கப்படும் விகிதம்) 8.5:1. ஆலை சொல்லும் திறன் 5,250 ஆர்பிஎம்மில் 27.2 குதிரைத்திறன், டார்க் 4,000 ஆர்பிஎம்மில் 41.3 நியூட்டன் மீட்டர். ஸ்ட்ரோக் இவ்வளவு நீளமாக இருப்பதால், 5,250 ஆர்பிஎம்மிலேயே பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 15.75 மீட்டர் ஆகிவிடுகிறது. இதற்கு மேல் சுழற்றித் திறன் எடுக்க வேண்டுமானால் கேமை மட்டும் மாற்றினால் போதாது. கிராங்க், கனெக்டிங் ராடு வரை கை வைக்க வேண்டியிருக்கும். சுற்றுலா ஓட்டத்தில் அதற்கு அவசியமே இல்லை.

நான் ஓட்டும் சாலைகளும் அதையே சொல்கின்றன. திருவொற்றியூரிலிருந்து புறப்பட்டால், எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துதான் வெளியே வர முடியும். மணலி, மாதவரம் வழியாகச் செங்குன்றத்தைத் தாண்டி நெல்லூர் சாலையைப் பிடித்த பிறகு, 3,000-க்கும் 4,000-க்கும் இடைப்பட்ட ஆர்பிஎம்மில் மணிக்கணக்காக ஒரே சீராக ஓடும். ஆக, எனக்கு வேண்டிய இழுவை முழுவதும் 4,000-க்குக் கீழே இருக்கிறது.

இன்லெட் வால்வு மூடும் பாகை முக்கியமாவது இங்கேதான். பிஸ்டன் அடிமட்டத்தைத் தொட்டு மேலே திரும்பிய பிறகும் அந்த வால்வு சிறிது நேரம் திறந்தே இருக்கும். மூடிய பின்தான் உண்மையான அழுத்தம் தொடங்கும். அடிமட்டத்துக்குப் பின் 45 பாகையில் மூடும் கேமைப் போட்டால், காகிதத்தில் 8.5 ஆக இருக்கும் கம்ப்ரஷன், செயல்பாட்டில் ஏறத்தாழ 7.6 ஆகிறது, 65 பாகையில் மூடும் பந்தயக் கேமைப் போட்டால் 6.7-க்கு இறங்கிவிடுகிறது. உயர் ஆர்பிஎம்மில் காற்றின் வேகமே கூடுதல் கலவையைத் தள்ளி நிரப்பி அந்த இழப்பை ஈடுகட்டும். குறைந்த ஆர்பிஎம்மிலோ, உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். கம்ப்ரஷனைக் கூட்டாமல் பந்தயக் கேமை மட்டும் போட்டவர்கள், "சத்தம் கம்பீரமாக இருக்கிறது, பிக்கப்தான் போய்விட்டது" என்று சொல்வதன் காரணம் இதுவே.

உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் வழி, பழைய கேமையே பட்டறையில் கொடுத்து வேறு வடிவத்துக்குச் சாணை பிடித்து வாங்குவது. பழைய, கையால் டேப்பட் (கேமின் தள்ளுதலை வால்வை நோக்கிக் கடத்தும் பாகம்) சரிசெய்யும் புல்லட்டுகளில் இது ஓரளவு ஒத்துவரும். தண்டர்பேர்டில் இருக்கும், கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அடங்கிய யுசிஇ எஞ்சினில் நான் இதைத் தவிர்த்ததற்குக் காரணங்கள் உண்டு. லிஃப்ட்டைக் கூட்ட, கேமின் அடிவட்டத்தை (வால்வைத் தூக்காத வட்டப் பகுதியை) தேய்த்துக் குறைக்கிறார்கள். இந்த எஞ்சினில் டேப்பட், எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே நிரப்பும் ஹைட்ராலிக் வகை; டேப்பட்டிலிருந்து மேலே வால்வுப் பக்கம் தள்ளும் தண்டான புஷ்ராடின் நீளமோ மாற்ற முடியாதது. அடிவட்டம் சிறுத்த அளவுக்கு டேப்பட்டின் முன்னழுத்தம் குறைந்து, ஒரு கட்டத்தில் எண்ணெய் அழுத்தத்தால் ஈடுகட்ட முடியாத இடைவெளி விழுந்து, தட்டும் ஓசை வந்துவிடும். அதற்கேற்ற நீளமான புஷ்ராடு இல்லாமல் இதைச் செய்வது வீண் வேலை. போதாக்குறைக்கு, கேமின் மேற்பரப்பில் மட்டும் கடினப்படுத்திய அடுக்கைச் சாணை அரித்துவிட்டால், உள்ளிருக்கும் மென்மையான எஃகு விரைவில் தேய்ந்துவிடும்.

எனவே, மூடும் பாகை ஆலைக் கேமை ஒட்டியே இருந்து, லிஃப்ட் மட்டும் சற்றே கூடிய புதிய ஜோடியை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். வாங்கும் முன் விற்பவரிடம் கேட்டே தீர வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எக்ஸாஸ்ட் கேமில் இருக்கும் தானியங்கி டீகம்ப்ரஷர் புதிய கேமிலும் உண்டா? ஸ்டார்ட் செய்கையில் எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கிக் கொடுக்கும் அந்தச் சிறு பொருள் இல்லாவிட்டால், செல்ஃப் மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்கு ஒரே திசையில் கடத்தும் ஸ்ப்ராக் கிளட்ச் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டிவரும். 500-களில் அது ஏற்கெனவே நோஞ்சான் பாகம்.

பொருத்தும் வேலையில் சிக்கல் அதிகம் இல்லை. வலப்பக்க உறையைக் கழற்றி, பற்சக்கரங்களின் புள்ளிகளை ஒன்றுக்கொன்று நேராக வைத்தால் போதும். பொறுமை வேண்டியது, வால்வு பிஸ்டனில் முட்டாமல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளவு பார்ப்பதில்தான். ஹைட்ராலிக் டேப்பட் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் அமுங்கிப் பொய்யான அளவைக் காட்டும் என்பதால், வால்வுகளில் மெல்லிய ஸ்பிரிங்குகளைத் தற்காலிகமாக மாட்டினோம். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பிஸ்டன் தலையில் அப்பி, லேசாக எண்ணெய் தடவி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றினோம்; பிறகு ஹெட்டைக் கழற்றி, வால்வு பதிந்த இடத்தைப் பிளேடால் குறுக்கே வெட்டி, மிக மெலிந்த இடத்தை வெர்னியரால் அளந்தோம். இன்லெட் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது பொதுவான வழக்கு. இரண்டு பக்கமும் அதைவிடத் தாராளமாகவே இருந்தது. முழு லிஃப்ட்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டவில்லை என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

ஓவர்லேப் (இரு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகம் கூடவில்லை என்பதால் எரிபொருள் இன்ஜெக்ஷன் குழம்பவில்லை. ஓவர்லேப் மிகுந்த கேம்களில், ஐடிலில் உறிஞ்சுகுழாயின் வெற்றிடம் குறைந்து துடிக்கும். சென்சார் அதைத் தவறாகப் படித்து, கலவையை ஒரு நிலையில் நிறுத்த முடியாமல் திணறும்.

பலன் என்ன? உச்ச வேகம் கூடியதாக நான் உணரவில்லை. பின்னால் ஆளும் இரு பக்கமும் பையும் இருக்கையில், டாப் கியரிலேயே லாரியைக் கடந்துவிட முடிகிறது. முன்பு நான்காம் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. மைலேஜில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. மே மாத வெயிலில் மணலிச் சாலை நெரிசலில் நின்றாலும் ஐடில் தடுமாறுவதில்லை. செலவோடு ஒப்பிட்டால், ஸ்ப்ராக்கெட்டில் பல் எண்ணிக்கையை மாற்றியே இதில் பாதியை எட்டிவிடலாம் என்று வாதிடலாம். ஆனால் அதில் நெடுஞ்சாலையில் எஞ்சின் கூடுதலாகச் சுழலும், எனக்கு அது பிடிக்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும், எஞ்சினுக்குள் கைவைத்த பிறகு வாரண்டியை எதிர்பார்க்க முடியாது என்பதையும் தெரிந்தே இறங்க வேண்டும்.

அண்மையில் வேறொரு வேலைக்காக உறையைத் திறந்தபோது, இரு கேம்களின் முனைகளிலும் குழியோ நீலம் பாய்ந்த தடமோ இல்லை. 15டபிள்யூ50 எண்ணெயைக் கையேடு சொல்லும் தூரத்துக்கு முன்பே மாற்றிவிடுகிறேன். ஹைட்ராலிக் டேப்பட்டுக்கு அழுக்கு எண்ணெய் ஆகாது. வால்வு ஸ்பிரிங்குகளின் உயரத்தை மட்டும் அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது அளந்து பார்க்க வேண்டும்.