மூன்று வருட வைஃபை பெட்டி: எல்லாம் சரி, அந்த 'ஆட்டோ' மட்டும்தான்

போன வாரம் அடாப்டர் மாற்றியதோடு இந்தப் பெட்டிக்கு மூன்று வருடம் நிறைகிறது. ஃபைபர் இணைப்பு தருகிறவர்களே சுவரில் மாட்டிவிட்டுப் போகும் வெள்ளைப் பெட்டிதான். இரண்டு பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள்), நாலு லேன் போர்ட். இதை நம்பி இரண்டு டெஸ்க்டாப், மூன்று லேப்டாப், ஒரு பிரிண்டர். போன்கள் தனிக் கணக்கு. "வைஃபை அடிக்கடி விழுது, மெஷ் வாங்கிடலாமா?" என்று நண்பர் கேட்டதற்குப் பதில் நீண்டுவிட்டது. (மெஷ் என்றால் வீடு முழுக்க வைஃபை பரப்ப ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பல பெட்டிகள்.)

முதலில் பெட்டிக்குச் சேர வேண்டிய நல்ல பெயரைக் கொடுத்துவிடுகிறேன். ஒயரில் இருக்கும் கணினிகளுக்கு இது குறை வைத்ததே இல்லை. போர்ட்கள் கிகாபிட், கட்டிய பணத்துக்கான வேகம் முழுசாக வருகிறது. ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஒளி அளவு -21 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்துக்குக் கீழே போகப் போகப் பலம் குறைவு) பக்கத்திலேயே நிற்கிறது. அது -27ஐ நெருங்கினால் ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கிறது, இல்லை கனெக்டரில் அழுக்கு. இரண்டும் லைன்காரர் பார்க்க வேண்டியவை. கோளாறெல்லாம் காற்றில்தான். அதையும் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: ஆட்டோ. அதாவது, அமைப்பைப் பெட்டியே தேர்ந்தெடுத்துக்கொள்வது.

அதற்கு முன் ஒன்று. "நெட் போச்சு" என்று யார் சொன்னாலும், போனது லைனா வைஃபையா என்று பிரிக்காமல் எதையும் தொடாதீர்கள். லேப்டாப்பில் இரண்டு கமாண்ட் ஜன்னல் திறந்து, ஒன்றில் 192.168.1.1க்கும் (உங்கள் பெட்டியின் முகவரி வேறாக இருந்தால் அதற்கும்) மற்றதில் 8.8.8.8க்கும் (வெளியே இருக்கும் கூகுள் சர்வர்) நிற்காமல் பிங் (பதில் வர ஆகும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓட விடுங்கள். முதல் ஜன்னல் 2, 3 மில்லிசெகண்டிலேயே இருந்து இரண்டாவது மட்டும் தடுமாறினால் கோளாறு வெளியே. முதல் ஜன்னலே 80, 300, டைம் அவுட் என்று துள்ளினால் சிக்கல் உங்களுக்கும் பெட்டிக்கும் நடுவில். உறுதி செய்ய அதே லேப்டாப்பை லேன் கேபிளில் போட்டு மறுபடி பாருங்கள். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல்தான் பலர் மெஷ் வாங்குகிறார்கள்.

இன்னொன்று, ஸ்டேட்டஸ் பக்கத்தில் இருக்கும் அப்டைம், அதாவது பெட்டி ஆன் ஆகி எவ்வளவு நேரம் என்ற கணக்கு. காலையில் ஆன் செய்த பெட்டி மதியம் "40 நிமிடம்" என்று காட்டினால் அது நடுவில் தானே ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. வைஃபை விழுந்தது போலத்தான் தெரியும், குற்றவாளி பெரும்பாலும் அடாப்டர். பழைய அடாப்டரைச் சும்மா மீட்டரில் அளந்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டும், லோடு ஏறினால்தான் சரியும். மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் நடுவில் பிளஸ்ஸா என்று இரண்டு லேபிளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி ஆட்டோ. 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் ஊரில் 13 சேனல்கள். ஒன்றுக்கொன்று 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஆனால் ஒரு சிக்னலின் அகலம் 20. ஆகவே ஒன்றை ஒன்று இடிக்காமல் நிற்க வழக்கமாக எடுப்பவை 1, 6, 11. இந்தப் பெட்டி ஆன் ஆகும்போது ஒருமுறை அக்கம்பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு சேனலைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த ரீஸ்டார்ட் வரை நகராது. மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும் நொடியை நினைத்துப் பாருங்கள். தெருவில் உள்ள எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் விழிக்கின்றன. ஒன்று பார்க்கும்போது மற்றது இன்னும் சிக்னல் விடவே ஆரம்பிக்கவில்லை. காலி என்று நினைத்து எல்லாம் ஒரே இடத்தில் போய் உட்காரும். இல்லாவிட்டால் 3, 8 என்று நடுவில் ஒண்டும். அந்த நடுவில் ஒண்டுவதுதான் மோசம். ஒரே சேனலில் இரண்டு பெட்டிகள் இருந்தால் ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியும், முறை வைத்துக்கொள்ளும். பாதி மேலே ஏறிய சேனலில் அது வெறும் இரைச்சல். பாக்கெட் சிதையும், திரும்ப அனுப்பும், பிங் துள்ளும். மீட்டர் போடாத ஆட்டோ கூட எங்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்றும்.

செய்ய வேண்டியது எளிது. போனில் ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு, சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் பாருங்கள். 1, 6, 11 மூன்றில் பலமான சிக்னல் குறைவாக உள்ளதைக் கையால் வையுங்கள். எண்ணிக்கையைவிடப் பலம் முக்கியம்: -85 டிபிஎம்மில் ஐந்து பேர் இருப்பது, -50இல் ஒருவர் இருப்பதைவிடத் தேவலை. அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாகப் பூட்டுங்கள். 40 என்று விட்டால் மொத்தம் 83.5 மெகாஹெர்ட்ஸ் இருக்கும் தெருவில் பாதியை நீங்களே அடைத்துக்கொண்டு நிற்பீர்கள். பாதுகாப்பு டபிள்யூபிஏ2, ஏஇஎஸ். அங்கே பழைய டிகேஐபி குறியாக்கம் மாட்டியிருந்தால் 802.11n (வைஃபை 4) வகைக் கருவிகளும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது.

5 கிகாஹெர்ட்ஸில் ஆட்டோவின் சேட்டை வேறு. 2018 அக்டோபரில் இந்தியாவில் இந்தப் பேண்டின் பெரும்பகுதி உரிமம் இல்லாப் பயன்பாட்டுக்குத் திறக்கப்பட்டது. இடம் நிறைய. ஆனால் 52 முதல் 64 வரையும் 100 முதல் 144 வரையும் உள்ள சேனல்கள் ரேடாரோடு பகிர்பவை. பெட்டி அங்கே போனால் குறைந்தது ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும். ரேடார் போல எதையாவது கேட்டால் உடனே காலி செய்து ஓடும். பழைய லேப்டாப்புகளும் மலிவு யூஎஸ்பி வைஃபை டாங்கிள்களும் பல இந்தச் சேனல்களைப் பார்க்கவே பார்க்காது. "மூன்று லேப்டாப்பில் இரண்டுக்கு 5ஜி வைஃபை தெரியுது, ஒன்றுக்குத் தெரியல" என்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். 36 அல்லது 149, அகலம் 80 என்று வைத்தால் அந்த மூன்றாவதும் எழுந்துவிடும்.

மூன்றாவது ஆட்டோ, இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது. கேட்க வசதி. நடப்பில், உள்ளறையில் 2.4ஐப் பிடித்த லேப்டாப் பெட்டியின் காலடிக்கே வந்தாலும் அதை விடாது. பெயரைப் பிரித்து, அசையாத கணினிகளில் 5க்கான பெயரை மட்டும் சேமித்து, மற்றதை மறக்கச் சொல்லுங்கள். அப்படியே டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டின் பவர் பகுதியில், மின்சாரம் மிச்சம் பிடிக்க அதை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகுதான் எரிச்சலின் உச்சம். சேவையாளர் இந்தப் பெட்டியைத் தூரத்திலிருந்தே ஆள்கிறார். ஒரு ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) தள்ளுவார். மறுநாள் பார்த்தால் சேனல் ஆட்டோ, அகலம் ஆட்டோ, பெயர் ஒன்று. மூன்று வருடமாக இதே கூத்து. கான்ஃபிக் கோப்பைச் சேமித்து வைத்துத் திரும்ப ஏற்றலாம் என்றால், புது ஃபர்ம்வேர் பழைய கோப்பை ஏற்க மறுப்பதும் உண்டு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக் கையால் போடுவதே உறுதி.

விட்டு விலக வழி ஒன்றுதான்: பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, தனி ரூட்டரை ஆக்சஸ் பாயிண்டாக (வைஃபை மட்டும் தரும் பெட்டியாக) வைப்பது. இங்கே பத்தில் எட்டுப் பேர் சறுக்குவது கேபிளில். ரூட்டரின் வேன் (WAN, இணையம் உள்ளே வரும்) போர்ட்டில் செருகினால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் உண்டாகும். ஒயரில் இருக்கும் டெஸ்க்டாப்பும் வைஃபையில் இருக்கும் பிரிண்டரும் ஒன்றை ஒன்று காணாது. இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்றால் எதுவுமே ஓடாது. ஆக்சஸ் பாயிண்ட் மோட் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் ரூட்டரின் முகவரியைப் பெட்டி பங்கிடும் எண்களுக்கு வெளியே, உதாரணமாக 192.168.1.2, என மாற்றி, அதன் டிஹெச்சிபியை (முகவரி பங்கிடும் வேலையை) அணைத்து, லேனிலிருந்து லேனுக்குக் கேபிள் போடுங்கள். பெட்டியின் பங்கீடு 10இலிருந்து தொடங்கட்டும். பிரிண்டருக்கு ஒரு முகவரியை ரிசர்வ் செய்துவிட்டால் "பிரிண்டர் ஆஃப்லைன்" புலம்பலும் பாதி ஓயும்.

பல கணினி வீட்டுக்கு மட்டும் உரிய ஒன்று: ஒற்றை ஆன்டெனா டாங்கிள் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒரு கோப்பை இறக்கும்போது மற்ற எல்லோரும் மெதுவாகிறார்கள். மெதுவாகப் பேசுகிறவர் காற்றை அதிக நேரம் பிடித்து வைப்பதால் வருவது அது. டாங்கிள் யூஎஸ்பி 3 போர்ட்டுக்கு ஒட்டி இருந்தால் அந்தப் போர்ட்டின் இரைச்சலும் 2.4இல் கலக்கும், ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரில் தள்ளி வைக்கலாம். அதைவிட நல்லது டெஸ்க்டாப்பை ஒயருக்கு மாற்றுவது. கேட்5இ ரகக் கேபிள் போதும், முழுச் செம்பாக வாங்குங்கள். அலுமினியத்தில் செம்பு பூசியது மலிவு, பிளக்கை நசுக்கி மாட்டிய இடத்தில் ஒடியும். வேகம் 94 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றால் பெரும்பாலும் நீல ஜோடியோ பழுப்பு ஜோடியோ அறுந்திருக்கிறது: கிகாபிட்டுக்கு எட்டு ஒயரும் வேண்டும், 100க்கு ஆரஞ்சும் பச்சையும் போதும்.

தீர்ப்பு? கணக்குப் போட்டால் பத்துக்கு எட்டு கொடுக்க வேண்டிய பெட்டி. கேட்டவருக்கு என் பதில் நான்கு, இந்த வாரமும் சேனல் 3இல் போய் உட்கார்ந்துவிட்டதால். மெஷ் பற்றிக் கேட்டதற்கு: சில மெஷ் பெட்டிகளின் ஆப்பில் சேனலைக் கையால் வைக்க இடமே கிடையாது, அங்கேயும் ஆட்டோதான். வாங்கும் முன் அதைப் பாருங்கள். இல்லையென்றால், அதே காசில் கொஞ்சத்துக்கு 20 மீட்டர் கேபிளும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்றும் வாங்குங்கள். கரண்ட் போனாலும் பெட்டி அணையாது, அணையாத பெட்டி சேனலைத் தேடப் போகாது.