கிட்டார் ஓவர்டிரைவா, பேஸ் ஓவர்டிரைவா: ஐந்து மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

பேஸ் கிட்டாருக்கு ஓர் ஓவர்டிரைவ் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் பெட்டி) வேண்டும் என்று தோன்றியதற்கும் அதை வாங்கியதற்கும் நடுவில் எனக்கு ஐந்து மாதம் ஓடிவிட்டது. முதல் மூன்று மாதம் எங்கள் குழுவின் கிட்டாரிஸ்ட்டிடம் கடன் வாங்கிய பெடலோடு போனது. அது டியூப் ஸ்க்ரீமர் என்ற பிரபலமான பெடலின் சுற்றைப் பின்பற்றிச் செய்த ஒரு கிட்டார் ஓவர்டிரைவ். அப்புறம் ஒரு மாதம் அதையே, சுத்த ஒலியையும் பெடல் ஒலியையும் கலக்கும் ஒரு பிளெண்டர் பெட்டிக்குள் செருகிச் சமாளித்தேன். கடைசி மாதம்தான் பேஸுக்கென்றே செய்த பெடல்களைத் தேடிப் போய் வாசித்துப் பார்த்தேன். இப்போது என் காலடியில் இருப்பது அப்படியொரு பேஸ் ஓவர்டிரைவான டார்க்கிளாஸ் பி3கே. ஆகவே நான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அளவு, எடை, பெட்டியின் உறுதி, மின்சாரம் இவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்த வகைப் பெடல்கள் பெரும்பாலும் ஒரே 9 வோல்ட், நடு முனை மைனஸ் அடாப்டரில் ஓடுபவை. காலால் மிதித்தால் தாங்குகின்றன. முடிவெடுக்க இவை உதவவில்லை.

வீட்டில் தனியாக வாசித்தபோது கிட்டார் பெடல்தான் ஜெயித்தது. குறைந்த சத்தத்தில், ஆம்பின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், ஒவ்வொரு சுரத்துக்கும் நடுப்பகுதியில் ஒரு கனிந்த உறுமல். விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் தெளிகிறது, அழுத்தினால் கரகரக்கிறது. போனில் பதிவு செய்து கேட்டேன், அதிலும் அற்புதம். பெடல் இல்லாத பதிவில் பேஸ் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. பெடல் போட்டதில் ஒவ்வொரு சுரமும் பளிச்சென்று கேட்டது. இதுவே போதும், புதிதாக எதுவும் வாங்க வேண்டாம் என்று நினைத்தேன்.

ரிகர்சலில் இரண்டாவது பாட்டுக்குக் கோரஸ் வந்ததும் பெடலை மிதித்தேன். பாட்டு முடிந்ததும் டிரம்மர் கேட்டது இதுதான்: "என்னடா, கோரஸ்ல வாசிக்கிறதை நிறுத்திட்டியா?" நான் நிறுத்தவில்லை. வழக்கத்தைவிட அழுத்தித்தான் வாசித்திருந்தேன். ஆனால் அவன் உட்கார்ந்திருந்த இடத்தில், கிக் டிரம்முக்கு அடியில் எப்போதும் இருக்கும் தரை காணாமல் போயிருந்தது. என் உறுமல் முழுவதும் இரண்டு கிட்டார்கள் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த நடுப்பகுதிக்குள் போய்க் கலந்துவிட்டது.

போன் பதிவு என்னை ஏமாற்றிய விதம் பின்னால்தான் புரிந்தது. பேஸின் ஓப்பன் ஈ கம்பி அதிர்வது 41 ஹெர்ட்ஸ் சுற்றில். போனின் சின்ன ஸ்பீக்கரால் அந்த ஆழத்தைத் தர முடியாது. ஆனால் அதே சுரத்தின் ஹார்மோனிக்ஸ் (மடங்கு அதிர்வெண்கள்) 82, 124, 165 என்று மேலே அடுக்கடுக்காக இருக்கும். அந்த அடுக்கு கேட்டாலே போதும், அடியில் இல்லாத 41-ஐக் காது தானாகவே ஊகித்து நிரப்பிக்கொள்ளும். ஓவர்டிரைவ் ஹார்மோனிக்ஸை வாரி இறைப்பதால் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் முன்னைவிட நன்றாகக் கேட்கிறது. அறையில் பெரிய ஸ்பீக்கர் கேபினெட் முன்னால் நிற்பவருக்கு அந்த ஊகம் போதாது. அங்கே 41 உடம்பில் அதிர வேண்டும்.

சரி, கிட்டார் பெடல் அந்த அடிப்பகுதியை என்னதான் செய்கிறது? வெட்டி எறிகிறது என்று பலரும் சொல்வார்கள். டியூப் ஸ்க்ரீமர் வகையில் நடப்பது அதைவிட நுட்பமானது. 1979-இல் வந்த டிஎஸ்808 என்ற டியூப் ஸ்க்ரீமரிலிருந்து இன்றுவரை அந்தக் குடும்பத்தின் டிரைவ் பகுதி, ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதைத்தான் முழுதாகப் பெருக்குகிறது. அதற்குக் கீழே இறங்க இறங்கப் பெருக்கமும் இறங்கும். டிரைவ் குமிழை முழுக்கத் திருப்பினால் மேலே உள்ள அதிர்வெண்களுக்குச் சுமார் 118 மடங்கு பெருக்கம். ஓப்பன் ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸுக்குக் கிடைப்பது ஏழு மடங்குக்கும் குறைவு. அதாவது அடிப்பகுதியைக் கொஞ்சம் மட்டும் ஏற்றிவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதன் தலைக்கு மேல் ஏற்றிவிடுகிறது. சத்தம் ஒரே அளவாக இருக்கட்டும் என்று லெவல் குமிழைக் குறைக்கும்போது, அதிக ஏற்றம் பெறாத அடிப்பகுதிதான் நிஜமாகக் குறைகிறது.

கிட்டாருக்கு இது குறையே அல்ல. கிட்டாரின் அடிப்பகுதி, அலையின் உச்சியை வெட்டும் டயோடுகளுக்குள் போனால் கொழகொழவென்று ஆகிவிடும். அதைத் தடுக்கத்தான் இப்படிச் செய்திருக்கிறார்கள். பேஸிலும் மேல் ஃப்ரெட்களில் தனியாவர்த்தனம் மாதிரி ஒரு பகுதி வாசிக்கும்போது, அல்லது கீபோர்டு இடது கை அடிப்பகுதியைத் தாங்கும் பாட்டில், அந்தப் பெடலின் குரல் இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். குழுவின் தரையே நான்தான் என்றால் அது உதவாது.

இன்னொரு இழப்பும் உண்டு. ஓவர்டிரைவ் என்றாலே அலையின் உச்சியைத் தட்டையாக்குவதுதான். அழுத்தி வாசித்தாலும் மென்மையாக வாசித்தாலும் வெளியே வரும் உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், மாறுவது கரகரப்பின் அளவு. கிக் டிரம்மோடு சேர்ந்து முதல் அடியில் விழுகிற அந்தக் குத்து இதனால் மழுங்கிப் போகிறது.

இந்த இரண்டுக்கும் ஒரே மருந்து, பெடலுக்குள் போகாத சுத்த ஒலியையும் கூடவே கலந்து அனுப்புவது. இதைத்தான் பிளெண்ட் என்கிறோம். பாஸ் நிறுவனத்தின் ஓடிபி-3, 1994-இல் வந்தபோதே பேலன்ஸ் என்ற பெயரில் இந்தக் குமிழோடு வந்தது. இன்று பேஸுக்கென்று வரும் ஓவர்டிரைவ்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இது இருக்கிறது. என்னைக் கேட்டால் பேஸ் பெடலை வாங்க முழுக் காரணம் இந்த ஒரு குமிழ்தான். ஓவர்டிரைவின் நிறம் அதற்கு அப்புறம்தான்.

இந்தக் குமிழை வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளலாமே என்று நானும் முயன்றேன். தனியாக ஒரு பிளெண்டர் பெட்டி வாங்கி, அதன் லூப்பில் (வேறு பெடலைச் செருகும் இடத்தில்) கடன் பெடலைச் செருகினேன். கேட்டதும் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் லூப்பில் வேறொரு டிரைவ் பெடலை மாற்றிப் போட்டேன். குமிழ் பாதிக்கு வந்தபோது பேஸ் வற்றிப் போய், கொசு ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. இரண்டாவது பெடல் ஒலியின் ஃபேஸைத் தலைகீழாக்கி அனுப்புகிற வகை. சுத்த அலை மேலே ஏறும்போது டிரைவ் அலை கீழே இறங்குகிறது. இரண்டையும் சம அளவில் கூட்டினால் பொதுவாக உள்ள அடிப்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஃபேஸைத் திருப்பும் சுவிட்ச் உள்ள பிளெண்டர்கள் கிடைக்கின்றன, என்னுடையதில் அது இல்லை. சுவிட்ச் இருந்தாலும் எல்லாம் சரியாகிவிடாது. பெடலின் ஃபில்டர்கள் ஒவ்வோர் அதிர்வெண்ணையும் ஒவ்வோர் அளவு தள்ளிப் போடுவதால், முழு எதிர்ப்பு இல்லாவிட்டாலும் அங்கங்கே ஒலி மெலியும். பிளெண்டைச் சுற்றுக்குள்ளேயே வைத்து வடிவமைத்த பெடலில் இந்தக் கணக்கை நமக்காக ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள்.

பி3கே-யில் என்னை விழவைத்தது பிளெண்ட் வேலை செய்யும் முறை. சுத்த ஒலி எப்போதும் அதன் இயல்பான அளவிலேயே நிற்கும், லெவல் குமிழ் டிரைவ் பக்கத்தை மட்டும் ஏற்றி இறக்கும். அதனால் வேலை ஒழுங்காக நடக்கிறது. முதலில் பிளெண்டை டிரைவ் பக்கம் முழுக்கத் தள்ளி, பெடலை மிதித்தும் விட்டும் பார்த்து இரண்டும் ஒரே சத்தமாகும்வரை லெவலைத் திருப்புகிறேன். பிறகுதான் பிளெண்டைப் பின்னால் கொண்டுவருகிறேன். சத்தம் சமமாக இல்லாமல் எந்தப் பெடலையும் ஒப்பிடவே கூடாது. கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் காதுக்கு மேலானதாகத் தெரியும்.

கிரண்ட், அட்டாக் என்று மூன்று நிலைகள் கொண்ட இரண்டு சுவிட்சுகளும் அதில் உண்டு. கிரண்ட், டிரைவுக்குள் எவ்வளவு அடிப்பகுதி போகலாம் என்பதையும் அட்டாக், எவ்வளவு மேல்பகுதி போகலாம் என்பதையும் தீர்மானிக்கின்றன. தனியாக வாசிக்கும்போது கிரண்ட்டை உச்சத்தில் வைக்கத்தான் கை போகும், அவ்வளவு பிரமாண்டம். குழுவோடு வாசிக்கும்போது நான் அதை மிகக் குறைந்த நிலைக்கு இறக்கிவிடுகிறேன். அடிப்பகுதியைச் சுத்த ஒலி பார்த்துக்கொள்ளும். டிரைவ் பக்கம் நடுவிலும் மேலும் மட்டும் வேலை செய்தால் போதும். கடன் பெடல் செய்ததும் ஏறக்குறைய இதுவேதான் என்பதைக் கவனியுங்கள். டிரைவுக்குள் அடிப்பகுதி குறைவாகப் போனதில் தவறே இல்லை. பக்கத்தில் அதைச் சுமக்க ஆள் இல்லாததுதான் அங்கே பிரச்சினை.

டிரைவ் குமிழ் கடிகார முள்ளானால் பத்து மணி நிலை, பிளெண்ட் பாதிக்குச் சற்றுக் கீழே. இந்த அமைப்பில் மிதித்தால் டிரம்மர் இப்போது நிமிர்ந்து பார்ப்பதில்லை. கோரஸ் பெரிதாகிறது, தரை அப்படியே இருக்கிறது.

ஓடிபி-3-யைச் சில மணி நேரம் வாசித்தேன். அதன் டிரைவ் எடுத்த எடுப்பிலேயே முரட்டுத்தனமானது. மெட்டல் வாசிப்பவருக்கு அது சரியான பலம். கொஞ்சமாக உறுமி நிற்கும் டோன் தேடிய எனக்கு வேண்டிய இடம் குமிழின் ஆரம்பத்தில் மிகக் குறுகலாக இருந்தது.

மூன்றாவது வழி டெக் 21 சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் மாதிரியான ப்ரீஆம்ப், அதாவது ஆம்புக்கு முன்னாலேயே டோனை உருவாக்கும் பெட்டி. அதிலும் பிளெண்ட் உண்டு, கூடவே எக்ஸ்எல்ஆர் கேபிள் வழியாக நேரே மிக்சருக்குப் போகும் டிஐ வசதியும் உண்டு. முதல் பதிப்பில் இல்லாத மிட் குமிழை இரண்டாம் பதிப்பில் சேர்த்துவிட்டார்கள். மேடையில் ஆம்ப் இல்லாமல் வாசிப்பவர் ஓவர்டிரைவ் பெடலை விட்டுவிட்டு முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் டிரைவ் ஒலியை அப்படியே மிக்சருக்கு அனுப்பினால், கேபினெட் வடிகட்டியிருக்கக்கூடிய மேல் கரகரப்பு முழுவதும் பிஏ-வில் (அரங்க ஸ்பீக்கர்களில்) கேட்கும். நான் ஆம்ப் இல்லாமல் வாசித்தது இரண்டே முறை என்பதால் இந்தப் பக்கத்தில் என் வார்த்தைக்குப் பாதி மதிப்பு கொடுத்தால் போதும்.

ஐந்து கம்பி பேஸில் நான் எதையும் ஒரு மாலைக்கு மேல் சோதிக்கவில்லை. அடி பி கம்பி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்குவதால் பிளெண்ட் அங்கே இன்னும் அவசியம் என்று அந்த ஒரு மாலையில் தோன்றியது. கேபினெட்டில் ட்வீட்டர் (மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) இருந்தால், எந்தப் பெடலாக இருந்தாலும், சோதிக்கும் முன் அதை அணைத்துவிடுங்கள். கடன் பெடல் கிட்டாரிஸ்ட்டிடமே திரும்பிப் போய்விட்டது. அவன் சோலோவில் அதை மிதிக்கும்போது நான் என்னுடையதை அணைத்துவிடுகிறேன், நடுப்பகுதி முழுவதும் அவனுக்கு.